ஒலியாத எழுத்துகளின் உறவுமுறை: ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



ஆங்கிலச் சொற்களில் எழுத்தாக நின்றும் ஒலியாக வாராத எழுத்துகளை வகுப்பறை வழக்கில் ‘சைலண்ட் லெட்டர்’ என்று சுட்டி, அவற்றுக்குக் காரணம் ஏதும் கிடையாது, மனப்பாடம் செய்வதே வழி என்று முடித்துவிடும் பழக்கம் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. ‘நைஃப்’ என்று ஒலிக்கும் சொல்லின் தலையில் கே என்னும் எழுத்து ஏன் நிற்கிறது என்று கேட்கும் மாணவருக்குப் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. பிழையாக எழுதிய சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிவரச் சொல்லும் இம்போசிஷனே கிடைக்கிறது. ஒரே எழுத்துக் கூட்டைக் கொண்ட சொற்களை ஓரிடத்தில் திரட்டி, ஒவ்வொன்றின் பொருளையும், அவ்வெழுத்துகள் அங்கே வந்து சேர்ந்த வரலாற்றையும் இணைத்துக் கற்பிக்குமாறு இம்மடல் ஆசிரியர்களை வேண்டுகிறது. அவ்வாறு கற்றால் சொல்லின் எழுத்து நினைவில் நிற்பதோடு, ஒரு சொல்லைக் கொண்டு அதன் இனமான பத்துச் சொற்களின் பொருளை உணரும் ஆற்றலும் மாணவருக்கு வாய்க்கும்.

தமிழ் எழுத்தைப் பயின்ற பின் ஆங்கில வகுப்புக்கு வரும் குழந்தைக்கு, எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு இல்லாமை முற்றிலும் புதிய செய்தியன்று. தமிழில் ககரம் ‘கல்’ என்பதில் ஒருவிதமாகவும், ‘சங்கு’ என்பதில் வேறுவிதமாகவும், ‘பகல்’ என்பதில் மற்றொரு விதமாகவும் ஒலிக்கிறது. எனினும் எழுத்து நிற்கும் இடத்தைக் கொண்டே ஒலி தெரிந்துவிடுவதால் அதனை யாரும் குறையென்று கருதுவதில்லை. ஆங்கில எழுத்திலும் இத்தகைய ஒழுங்குகள் உண்டு. அவை இடத்தைப் பொறுத்து அமைவதைக் காட்டிலும், சொல் எந்த மொழியிலிருந்து, எந்த நூற்றாண்டில் வந்தது என்பதைப் பொறுத்தே மிகுதியாக அமைந்திருக்கின்றன.

முதலில் கே, என் ஆகிய இரண்டும் சொல்லின் தொடக்கத்தில் சேர்ந்து வரும் கூட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். முழங்காலைக் குறிக்கும் ‘நீ’, முடிச்சைக் குறிக்கும் ‘நாட்’, பின்னுதலைக் குறிக்கும் ‘நிட்’, மாவு பிசைதலைக் குறிக்கும் ‘நீட்’, விரல் மொழியைக் குறிக்கும் ‘நக்கிள்’, குமிழைக் குறிக்கும் ‘நாப்’, கதவைத் தட்டுதலைக் குறிக்கும் ‘நாக்’, அறிதலைக் குறிக்கும் ‘நோ’ ஆகியன இக்கூட்டத்தில் அடங்கும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இச்சொற்களுள் பலவற்றின் முதலெழுத்து வெளிப்படையாகவே ஒலித்தது. முழங்கால் ‘க்னேஒ’ என்றும், முடிச்சு ‘க்னோட்டா’ என்றும் வழங்கின. ஆங்கிலத்தின் உடன்பிறப்பு மொழியாகிய ஜெர்மானியத்தில் முழங்கால் இன்றும் ‘க்னீ’ என்றே ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் ககர ஒலி 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தேய்ந்து மறைந்தது. அதற்குள் அச்சு நூல்கள் எழுத்தை உறுதிப்படுத்திவிட்டமையால் ஒலி போயும் எழுத்து நிலைத்தது. முடிச்சும் பின்னுதலும் ஒரே வேரினவாதலின், நூலை முடிச்சிடுதல் என்பதே ‘நிட்’ என்பதன் பழம்பொருள் என்று சொன்னால் இரண்டு சொற்களும் ஒன்றையொன்று தாங்கி நினைவில் நிற்கும்.

இக்கூட்டத்தில் இரு சொற்களின் வரலாறு தனியே சொல்லத்தக்கது. குதிரை வீரனையும் அரசன் அளிக்கும் பட்டத்தையும் குறிக்கும் ‘நைட்’ என்பதும், கயவனைக் குறிக்கும் ‘நேவ்’ என்பதும் தொடக்கத்தில் சிறுவன் என்ற ஒரே பொருளையே தந்தன. சிறுவன், பணியாள், அரசனைச் சூழ்ந்து நிற்கும் படைவீரன், உயர்குடி வீரன் என்று முதற்சொல் படிப்படியாக உயர்ந்தது. சிறுவன், ஏவலாள், நம்பத்தகாதவன் என்று இரண்டாம் சொல் இழிந்தது. ஜெர்மானியத்தில் முதற்சொல்லின் இணையான ‘க்னெஹ்ட்’ பணியாள் என்ற நிலையிலேயே நின்றுவிட, இரண்டாம் சொல்லின் இணையான ‘க்னாபெ’ இன்றும் சிறுவனையே குறிக்கிறது. சீட்டுக்கட்டில் ‘ஜாக்’ எனப்படும் சீட்டுக்கு முன்னர் வழங்கிய பெயரும் ‘நேவ்’ என்பதே. ஒரே பொருளில் பிறந்த இரு சொற்களுள் ஒன்று ஏறவும் மற்றொன்று இறங்கவும் நேர்ந்த இவ்வரலாற்றைக் கேட்ட மாணவர் இரண்டு சொற்களிலும் கே என்னும் எழுத்தை விட்டுவிட்டு எழுதுவது அரிது.

அறிதலைக் குறிக்கும் ‘நோ’ என்னும் சொல்லோ ஆசிரியர் ஒரு வாரம் முழுவதும் பேசத்தக்க அளவுக்கு வளம் உடையது. ஆங்கிலம் முதலிய ஜெர்மானிய மொழிகளில் ககரமாக நிற்கும் ஒலி, இலத்தீனிலும் கிரேக்கத்திலும் ஜி என்னும் எழுத்தின் ஒலியாக நிற்பது வழக்கம்; இவ்வகை ஒலி மாற்றங்களின் ஒழுங்கை ஜெர்மானிய அறிஞர் யாகோப் கிரிம் 1822இல் விரிவாக எடுத்துரைத்ததால் அது கிரிம் விதி எனப்படுகிறது. அவ்விதிப்படி ஆங்கிலத்தின் கே-என் கூட்டுக்கு நேராக இலத்தீனிலும் கிரேக்கத்திலும் ஜி-என் கூட்டு வரும். கிரேக்கத்தில் ‘க்னோசிஸ்’ என்பது அறிவு. நோயைப் பிரித்தறிவது ‘டயக்னோசிஸ்’, நோயின் போக்கை முன்னறிவது ‘ப்ராக்னோசிஸ்’. கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிய இயலாது என்னும் கொள்கையினரைக் குறிக்கும் ‘அக்னாஸ்டிக்’ என்னும் சொல்லை 1869இல் ஆக்கியவர் ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. இலத்தீன் வழியாக வந்தவற்றுள் அறிந்துகொள்ளுதலைக் குறிக்கும் ‘காக்னிஷன்’, முன்பு கண்டதை மீண்டும் இன்னதென அறிதலைக் குறிக்கும் ‘ரெகக்னைஸ்’, அறியாமையைக் குறிக்கும் ‘இக்னரன்ஸ்’ ஆகியவற்றில் அதே ஜி-என் கூட்டு வெளிப்படையாக ஒலிக்கிறது. உயர்குடியைக் குறிக்கும் ‘நோபிள்’ என்பதும், பலராலும் அறியப்பட்டவர் என்ற பொருளில் அதே வேரில் பிறந்து, தலையிலிருந்த ஜி என்னும் எழுத்தை இலத்தீனிலேயே இழந்துவிட்ட சொல்.

இதே வேர் வடமொழியில் ‘ஜ்ஞா’ என்று அமைந்து, அங்கிருந்து ஞானம், விஞ்ஞானம், அஞ்ஞானம் என்று தமிழுக்கும் வந்திருக்கிறது. ‘இக்னரன்ஸ்’ என்பதும் ‘அஞ்ஞானம்’ என்பதும் எதிர்மறை முன்னொட்டும் அறிவு என்னும் வேரும் சேர்ந்தமைந்தவை. இரு சொற்களிலும் வேரும் ஒன்று, முன்னொட்டும் தொல்பழங்காலத்தில் ஒன்றாக இருந்ததே. முழங்காலுக்கும் இதுபோன்ற உறவு உண்டு. இலத்தீனில் ‘கெனு’, வடமொழியில் ‘ஜானு’; முழங்கால்வரை நீண்ட கைகளை உடையவர் என்னும் பொருளில் வழங்கும் ‘ஆஜானுபாகு’ என்னும் சொல்லில் தமிழ் மாணவர் அதனை முன்பே அறிந்திருக்கிறார். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வடமொழி, இலத்தீன், கிரேக்கம் ஆகியவை ஒரு பொதுமூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் ஆற்றிய உரையில் கூறினார். தமிழோ தெலுங்கு, கன்னடம் முதலியவற்றோடு சேர்ந்த வேறொரு குடும்பத்தது என்பதைச் சென்னையில் பணியாற்றிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1816இல் எடுத்துக்காட்டினார். ஆகவே ஞானம் என்னும் கடன் சொல்லைக் கொண்டு தமிழும் ஆங்கிலமும் உறவு மொழிகள் என்று வகுப்பில் சொல்லிவிடலாகாது. தமிழில் ஏற்கெனவே குடியேறிவிட்ட சொல் ஒன்று ஆங்கிலச் சொல்லை நினைவில் வைக்கத் துணை செய்கிறது என்ற அளவில் நிறுத்துவதே நேர்மை.

டி, டபிள்யூ ஆகிய இரண்டும் சேர்ந்து வரும் கூட்டம் கீழ்வகுப்புகளுக்கே உரியது. இரண்டு என்னும் எண்ணைக் குறிக்கும் சொல்லில் டபிள்யூ ஒலிப்பதில்லை. பழைய ஆங்கிலத்தில் அது ஒலித்தது, பின்னர் அடுத்து நின்ற உயிரெழுத்து இதழ் குவித்து ஒலிக்கும் உயிராக மாறியபோது அதனுள் அடங்கிப் போனது. ஆனால் அதன் இனமான சொற்களில் எல்லாம் அது இன்னும் ஒலிக்கிறது. இருமுறை என்பது ‘ட்வைஸ்’, இரட்டையர் ‘ட்வின்’, இரண்டு பத்து ‘ட்வென்டி’, இரண்டு பொருள்களுக்கு நடுவே என்பது ‘பிட்வீன்’, அந்தியொளியைக் குறிக்கும் ‘ட்வைலைட்’ என்பதன் முதற்பகுதியும் அந்த இரண்டுதான். பன்னிரண்டைக் குறிக்கும் ‘ட்வெல்வ்’ என்பதற்குப் பத்து போக இரண்டு எஞ்சியது என்று பொருள். அவ்வாறே பதினொன்றைக் குறிக்கும் ‘இலெவன்’ என்பதற்கு ஒன்று எஞ்சியது என்று பொருள். இரண்டு புரிகளை முறுக்கிய கயிறு ‘ட்வைன்’, முறுக்குதல் ‘ட்விஸ்ட்’. துணிக்கடைகளில் வழங்கும் ‘ட்வில்’ என்னும் நெசவு வகையின் பெயர், இரட்டை நூல் கொண்டது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைப் பாதி மொழிபெயர்த்து அமைத்தது. மார்க் ட்வெய்ன் என்று புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளரின் இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு செலுத்துவோர், ஆழம் இரண்டு பாகம், அதாவது 12 அடி, உள்ளது என்பதற்குக் கூவும் சொல்லையே அவர் புனைபெயராக்கிக்கொண்டார்.

இந்த இரண்டுக்கும் தமிழ் மாணவர் அறிந்த உறவுகள் உண்டு. வடமொழியின் ‘த்வி’ என்பதிலிருந்து இரண்டற்றது எனப் பொருள்படும் அத்வைதம் வந்தது. இருமொழி அறிந்து பெயர்த்துரைப்பவர் என்ற பொருளில் துபாஷி வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் தியூப்ளேயிடம் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையை அறிந்த மாணவருக்கு, அப்பதவிப் பெயரின் முதலெழுத்திலும் ஆங்கில எண்ணின் முதலெழுத்திலும் நிற்பது ஒரே எண் என்று சொன்னால் அது மறக்காது. ஆயினும் இக்கூட்டத்திலும் போலி உறவு ஒன்று புகுந்திருக்கிறது. ‘ட்வீட்’ என்னும் முரட்டுக் கம்பளித் துணியின் பெயர், ட்வில் என்பதன் ஸ்காத்லாந்து வடிவமான ‘ட்வீல்’ என்னும் சொல், அப்பகுதியில் ஓடும் ட்வீட் ஆற்றின் பெயரோடு மயங்கித் திரிந்த வடிவம் ஆகும். ட்வில் என்பதோடு உறவு உண்டு, இன்றைய வடிவத்துக்குக் காரணமோ மயக்கம். இத்தகையவற்றை மறைக்காமல் சொல்வது கூட்டத்தின் மதிப்பைக் குறைப்பதில்லை.

ஜி, எச் ஆகிய இரண்டும் சேர்ந்து வருவதே மாணவரை மிகுதியும் அச்சுறுத்துவது. அதன் அடிப்படை எளியது. இரவு, எட்டு, ஒளி, வலம், வலிமை, மகள் ஆகியவற்றைக் குறிக்கும் ‘நைட்’, ‘எய்ட்’, ‘லைட்’, ‘ரைட்’, ‘மைட்’, ‘டாட்டர்’ ஆகிய ஆறிலும் ஜி-எச் நிற்கும் இடத்தில், அவற்றின் ஜெர்மானிய இணைச்சொற்களில் தொண்டையிலோ அண்ணத்திலோ உரசி எழும் ஒலி ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் அவ்வொலி இருந்தது. அப்போது அதனை எச் என்னும் ஓர் எழுத்தாலேயே குறித்தனர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் வந்த எழுத்தர்கள் அதனை ஜி-எச் என்று எழுதும் வழக்கத்தைப் பரப்பினர். ஒலியோ சில சொற்களில் மறைந்தது. சிரிப்பு, இருமல், போதும் என்பவற்றைக் குறிக்கும் ‘லாஃப்’, ‘காஃப்’, ‘இனஃப்’ ஆகியவற்றில் உதட்டொலியாக மாறியது. ஆவியைக் குறிக்கும் ‘கோஸ்ட்’ என்பதில் உள்ள எச் இவற்றோடு சேராதது. கொலோனில் அச்சுத்தொழில் பயின்று, புரூஜில் நூல் அச்சிட்டு, பின்னர் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவிய வில்லியம் காக்ஸ்டனின் காலத்தில், பிளெமிய மொழியின் எழுத்து வழக்கிலிருந்து அது அச்சகத்தின் வழியே வந்து ஒட்டிக்கொண்டது. மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘டிலைட்’ என்பது பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒளியைக் குறிக்கும் சொல்லின் சாயலைப் பார்த்து அதற்கும் ஜி-எச் சேர்க்கப்பட்டதே அன்றி, இரண்டுக்கும் யாதோர் உறவும் கிடையாது.

ஆங்கில எழுத்துமுறைக்கு ஒழுங்கே இல்லை என்பதற்குச் சான்றாக, மீனைக் குறிக்கும் ‘ஃபிஷ்’ என்னும் சொல்லை ஜி-எச்-ஓ-டி-ஐ என்றும் எழுதலாம் என்னும் வேடிக்கை ஒன்று பல வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. அது பெர்னார்ட் ஷாவின் பெயரில் வழங்கினாலும், ஷா பிறந்த 1856ஆம் ஆண்டுக்கு முன்பே எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் காணப்படுகிறது. அந்த வேடிக்கை காட்டுவதாகச் சொல்லப்படுவது பிழை. ஜி-எச் உதட்டொலி தருவது சொல்லின் இறுதிப் பக்கத்தில்தான், தொடக்கத்தில் ஒருபோதும் அன்று. டி-ஐ என்பது ஷகர ஒலி தருவது ‘நேஷன்’ போன்ற சொற்களில் வேறோர் உயிரெழுத்துக்கு முன்னர்தான், சொல்லின் கடைசியில் அன்று. தமிழில் ககரத்தின் ஒலியை இடமறிந்து சொல்லும் மாணவருக்கு இதனை விளக்கினால், ஒழுங்கின்மைக்குச் சான்றாகக் காட்டப்பட்டதே ஒழுங்குக்குச் சான்றாக மாறும்.

டபிள்யூ, ஆர் ஆகியவை சேர்ந்து தொடங்கும் சொற்களில் பெரும்பாலானவை முறுக்குதல், திருகுதல், வளைதல் என்னும் ஒரே கருத்தைச் சுற்றி நிற்கின்றன. ஈரத்துணியைப் பிழிதல் ‘ரிங்’; வெடுக்கெனத் திருகுதல் ‘ரெஞ்ச்’, பட்டறையில் திருகாணி முடுக்கும் கருவிக்கும் அதுவே பெயர்; மற்போர் ‘ரெஸ்லிங்’; வளைத்துக் கட்டிய மலர்வளையம் ‘ரீத்’; தோலின் சுருக்கம் ‘ரிங்கிள்’; நெளிதல் ‘ரிகிள்’; கை திரும்பும் மூட்டாகிய மணிக்கட்டு ‘ரிஸ்ட்’. தவறு என்னும் பொருளுடைய ‘ராங்’ என்பதற்கு ஸ்காந்திநேவிய மூலத்தில் வளைந்தது, கோணலானது என்பதே பொருள். தமிழில் நேர்மை என்பது நேர் என்பதிலிருந்து பிறந்தது போலவே, அங்கும் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொல் கோட்டின் வடிவத்திலிருந்து பிறந்திருக்கிறது. இக்கூட்டத்தில் எழுதுதலைக் குறிக்கும் ‘ரைட்’ முறுக்கலைச் சாராது, கீறுதல் என்னும் பொருளில் தொடங்கியது. மரத்திலும் கல்லிலும் எழுத்தைக் கீறிய காலத்தை அது நினைவுபடுத்துகிறது. ‘ரென்’ என்னும் சிறு பறவையும், கப்பல் சிதைவைக் குறிக்கும் ‘ரெக்’ என்பதும் முறுக்கலோடு தொடர்பற்றவை.

மேற்கூறியவற்றில் எழுத்து ஒரு காலத்தில் ஒலித்து, பின்னர் ஒலி இழந்தது. எந்நாளும் ஒலித்திராத எழுத்தை அறிஞர்கள் வலிந்து புகுத்திய கூட்டமும் ஒன்று உண்டு. கடனைக் குறிக்கும் ‘டெட்’, ஐயத்தைக் குறிக்கும் ‘டவுட்’ ஆகிய இரண்டும் பிரெஞ்சிலிருந்து பி என்னும் எழுத்து இல்லாமலேயே ஆங்கிலத்துக்கு வந்தன. இலத்தீன் மூலமான ‘டெபிட்டும்’, ‘டுபிட்டாரே’ என்பவற்றில் பகர ஒலி இருப்பதைக் கண்ட பிற்கால அறிஞர்கள் அதனை எழுத்தில் மட்டும் மீட்டுச் சேர்த்தனர். இதனைச் சொல்லும்போது, கணக்கேட்டில் வரும் ‘டெபிட்’ என்பதும் கடனைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே என்பதை வணிகவியல் மாணவருக்குக் காட்டலாம். ஐயத்தைக் குறிக்கும் சொல் இலத்தீனின் இரண்டு என்னும் எண்ணிலிருந்து வந்தது. ஒருமனப்படாமல் இருமனப்படுதலே ஐயம். எனவே அது முன்னர்க் கண்ட டி-டபிள்யூ கூட்டத்துக்குத் தூரத்து உறவாகிறது. இந்தப் பகரத்தை ஒலித்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஹோலோஃபெர்னஸ் என்னும் பள்ளி ஆசிரியரை, ஷேக்ஸ்பியர் தம் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் படைத்திருக்கிறார். புகுத்தப்பட்ட எழுத்தைப் பற்றிய வழக்கு அக்காலத்திலேயே அரங்கேறும் அளவுக்குப் பேசப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

அறிஞர்கள் எப்போதும் சரியாகவே புகுத்தினர் என்பதற்கில்லை. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ என்பது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். இலத்தீன் வழிவந்த ‘ஐல்’ என்னும் வேறொரு சொல்லோடு உறவு கற்பித்து அதற்கு எஸ் சேர்த்தது தவறு. வலியைக் குறிக்கும் ‘ஏக்’ என்பதைக் கிரேக்கத்தின் ‘அகோஸ்’ என்பதிலிருந்து வந்ததாகச் சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் கருதியதால், சி-எச் கொண்ட எழுத்து வடிவம் அதற்கு நிலைத்தது. உண்மையில் அதுவும் சொந்தச் சொல்லே. கட்டைவிரலைக் குறிக்கும் ‘தம்’ என்பதன் இறுதி பி, ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் ‘லாம்’, சீப்பைக் குறிக்கும் ‘கோம்’ முதலிய சொற்களின் சாயலில் சேர்ந்தது. ஆனால் அக்கட்டைவிரலிலிருந்தே பெயர் பெற்ற ‘திம்பிள்’ என்னும் தையற்காரரின் விரல்மூடியில் பகரம் நன்றாகவே ஒலிக்கிறது.

தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு உடனே பயன் தரும் கூட்டம் வேறொன்று. ஒரு சொல்லில் மறைந்திருக்கும் எழுத்து, அதன் இனச்சொல்லில் வெளிப்படும். ‘சைன்’ என்பதில் ஒலியாத ஜி கையொப்பத்தைக் குறிக்கும் ‘சிக்னேச்சர்’ என்பதில் ஒலிக்கிறது. பதவி விலகுதலைக் குறிக்கும் ‘ரிசைன்’ என்பதில் ஒலியாதது ‘ரெசிக்னேஷன்’ என்பதில் ஒலிக்கிறது. இலையுதிர் பருவத்தின் ‘ஆட்டம்’ என்பதில் மறைந்த என் ‘ஆட்டம்னல்’ என்பதிலும், கண்டித்தலின் ‘கண்டெம்’ என்பதில் மறைந்தது ‘கண்டெம்னேஷன்’ என்பதிலும், தசையைக் குறிக்கும் ‘மஸில்’ என்பதில் மறைந்த சி ‘மஸ்குலர்’ என்பதிலும் தோன்றுகின்றன. ஒலிக்கு ஏற்ப எழுத்தைத் திருத்திவிட்டால் இந்த இனத்தொடர்புகள் கண்ணுக்குப் புலப்படாமல் போய்விடும். நோம் சோம்ஸ்கியும் மாரிஸ் ஹாலும் 1968இல் வெளியிட்ட ஒலியனியல் நூலில், ஆங்கில எழுத்துமுறை அம்மொழிக்கு ஏறத்தாழ உகந்ததே என்று வாதிட்டதற்கும் இதுவே அடிப்படை. தசையின் பெயரை எடுத்தபோதே அதன் பொருளையும் சொல்லிவிடலாம்: இலத்தீனில் அதற்குச் சுண்டெலி என்று பொருள், தோலுக்கடியில் தசை அசைவது எலி ஓடுவதுபோல் தோன்றியதால் வந்த பெயர். ‘மவுஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும், பிள்ளையாரின் வாகனமாகிய மூஷிகமும் அதே வேரின.

சி, எச் ஆகியவை சேர்ந்த கூட்டம் ஒலியாலேயே ஊர் சொல்லும் கூட்டம். குழந்தையைக் குறிக்கும் ‘சைல்ட்’, பாலாடைக்கட்டியைக் குறிக்கும் ‘சீஸ்’, மாதாகோயிலைக் குறிக்கும் ‘சர்ச்’ ஆகியவற்றில் அது சகர வல்லொலியாக இருந்தால், சொல் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ‘மெஷின்’, ‘பாராஷூட்’, ‘ஷோஃபர்’ போல் ஷகரமாக ஒலித்தால் பிற்காலப் பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘ஸ்கூல்’, ‘கெமிஸ்ட்ரி’, ‘எக்கோ’, ‘ஆர்க்கிடெக்ட்’ போல் ககரமாக ஒலித்தால் கிரேக்கத்திலிருந்து வந்தது. ஓய்வு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே பள்ளிக்கூடத்தின் பெயராயிற்று என்பது மாணவர் விரும்பிக் கேட்கும் செய்தி. பிரெஞ்சுச் சொற்களிலும் காலம் பார்க்க வேண்டும். பிரெஞ்சிலேயே இவ்வெழுத்துகள் முன்பு சகர வல்லொலி தந்து, ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் ஷகரமாக மாறின. ஆகவே அதற்கு முந்திய ஒலியோடு ஆங்கிலம் ஏற்ற ‘செயர்’, ‘சேம்பர்’, ‘சேஞ்ச்’ ஆகியன பழைய ஒலியையே காத்துவருகின்றன. தலைவரைக் குறிக்கும் ‘சீஃப்’ என்பதும், சமையற்கட்டின் தலைவரைக் குறிக்கும் ‘ஷெஃப்’ என்பதும் தலை என்னும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான். இடைக்காலத்தில் ஒருமுறையும் 19ஆம் நூற்றாண்டில் மறுமுறையுமாக அதை ஆங்கிலம் இருமுறை கடன் வாங்கியிருக்கிறது.

இக்கூட்டத்தில் தமிழ்ச் சொல் ஒன்றும் இருக்கிறது என்பதை எந்தத் தமிழ் மாணவரும் அறியாமல் பள்ளியை விட்டுப் போகலாகாது. சுருட்டு என்னும் சொல் பிரெஞ்சு வடிவத்தின் வழியாக ஆங்கிலத்தில் ‘ஷெரூட்’ என்று சென்று அமர்ந்தது. தமிழில் சகரமாக இருந்த முதலொலி இடையில் பிரெஞ்சைக் கடந்ததால் ஷகரமாயிற்று, எழுத்தில் மட்டும் சி-எச் என்று நிற்கிறது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இங்கிலாந்தில் எவ்வளவு அறியப்பட்டிருந்தது என்பதற்கு, ஆர்தர் கோனன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில் கொலையாளி புகைத்தது அவ்வகைச் சுருட்டு என்று சாம்பலைக் கொண்டே துப்பறிவாளர் கண்டுபிடிப்பது சான்று.

வேர் ஒன்றாக இல்லாதபோதும் எழுத்து ஒற்றுமையால் பொருள் நெருங்கும் கூட்டங்கள் ஆங்கிலத்தில் உண்டு. அவற்றை மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1930இல் தனிப் பெயரிட்டு ஆராய்ந்தார். எஸ்-என் எனத் தொடங்கும் சொற்களில் முகர்தலைக் குறிக்கும் ‘ஸ்னிஃப்’, குறட்டையைக் குறிக்கும் ‘ஸ்னோர்’, மூக்குப்பொடியைக் குறிக்கும் ‘ஸ்னஃப்’, விலங்கின் நீண்ட மூக்கைக் குறிக்கும் ‘ஸ்னவுட்’ ஆகியன மூக்கைச் சார்ந்தவை. தும்மலைக் குறிக்கும் ‘ஸ்னீஸ்’ பழைய ஆங்கிலத்தில் எஃப்-என் என்று தொடங்கியது. அந்தக் கூட்டு வழக்கொழிந்தபோது அது மூக்குச் சொற்களோடு வந்து சேர்ந்துகொண்டது. பனியும் பாம்பும் நத்தையும் இதே எழுத்துகளில் தொடங்கியும் மூக்கோடு தொடர்பற்றவை. ஜி-எல் எனத் தொடங்கும் ‘க்ளோ’, ‘க்ளீம்’, ‘க்ளிட்டர்’, ‘க்ளேர்’ ஆகியன ஒளியைச் சார்ந்தவை. பளபள, மினுமினு என்று ஒலியாலேயே ஒளியைக் காட்டப் பழகிய தமிழ்க் குழந்தைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இவற்றைக் கற்பிக்க ஆசிரியர் மொழியியலறிஞராக இருக்க வேண்டியதில்லை. சொற்பிறப்பைத் தரும் ஓர் ஆங்கில அகராதி பள்ளி நூலகத்தில் இருந்தால் போதும். மாணவர் கையில் வைத்திருக்கும் சிறிய ஆங்கில-தமிழ் அகராதிகள் இடம் கருதிச் சொற்பிறப்பை விட்டுவிடுகின்றன. பெரிய அகராதிகளில் அது ஒவ்வொரு பதிவிலும் இடம்பெறுகிறது. 1884இல் முதற்பகுதி வெளிவந்து 1928இல் நிறைவெய்திய ஆக்ஸ்போர்டு பேரகராதி, ஒவ்வொரு சொல்லும் எழுத்தில் எத்தனை வடிவம் எடுத்தது என்பதையும் காலவரிசையில் காட்டுகிறது. வாரம் ஒரு கூட்டம், அதில் ஏழெட்டுச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள், கூட்டத்தோடு சேராத இரண்டொன்று என்ற அளவே ஒரு வகுப்புக்குச் சரியானது. இருநூறு சொற்களை அகர வரிசையில் எழுதிப்போட்டால் பழைய மனப்பாடமே வேறு பெயரில் திரும்பிவிடும். சொல்வதெழுதுதலில் கே விடுபட்டால் மதிப்பெண் குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கே எதற்கு என்று கேட்ட கேள்விக்கு விடை சொன்ன பிறகே குறைக்க வேண்டும் என்று இம்மடல் கேட்டுக்கொள்கிறது.

தொடங்குவதற்கு உகந்தது டி-டபிள்யூ கூட்டமே. அதில் இரண்டும் பன்னிரண்டும் இருபதும் ஆறாம் வகுப்பு மாணவர் முன்பே அறிந்த சொற்கள். வகுப்பில் இரட்டையர் யாரேனும் இருந்தால் நான்காவதும் கிடைத்துவிடும். கரும்பலகையில் நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அவற்றுள் எதில் டபிள்யூ ஒலிக்கவில்லை என்று மட்டும் கேட்டுவிட்டு, மாணவர்களே பேசத் தொடங்கும்வரை ஆசிரியர் சற்றுக் காத்திருக்கலாம்.